வீட்டில் செய்த ஜிக், கம்பெனி நீட்டும் பேப்பர்: சைன் பண்ணும் முன் படிக்க வேண்டியது

வாசகர் கேள்வி:

"வணக்கம் அக்கா. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் டெஸ்டிங் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் டெக்னிஷியனாக இருக்கிறேன். எங்கள் மெஷினில் சிப்பை உறிஞ்சித் தூக்கும் ரப்பர் முனை அடிக்கடி தேய்ந்துபோகும். மாற்ற வேண்டுமென்றால் ஹெட்டையே கழற்றி, மாற்றி, மறுபடி அலைன்மென்ட் பார்க்கணும், முக்கால் மணி நேரம் லைன் நிற்கும். ஹெட்டைக் கழற்றாமலே முனையை மாற்றுகிற மாதிரி ஸ்பிரிங் வைத்த ஒரு ஜிக்கை, அதாவது சின்னத் துணைக்கருவியை, புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டில், என் சொந்த 3டி பிரின்டரில் செய்தேன். இப்போது எல்லா லைனிலும் அதுதான் ஓடுகிறது. கைசன் (வேலை முறையை மேம்படுத்தும் யோசனைகளுக்கான) போட்டியில் பரிசும் கிடைத்தது, ஆனால் போர்டில் சூப்பர்வைசர் பெயர்தான் முதலில். எனக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) வவுச்சர். இப்போது பேட்டன்ட் போடப் போகிறோம், இதில் சைன் பண்ணு என்று எச்.ஆர். ஒரு பேப்பர் கொடுத்திருக்கிறார்கள், அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சென்னையில் இருக்கும் என் மச்சான், 'சைன் பண்ணாதே, நான் இந்தியாவில் முதலில் போட்டுவிடுகிறேன்' என்கிறார். டிசைனில் ஸ்பிரிங் எந்தத் தடிமனில் வாங்குவது என்று சாட்ஜிபிடியிடம் கொஞ்சம் உதவி கேட்டேன், அதனால் பிரச்சினை வருமா? போன தீபாவளி லீவில் டிக்டாக்கில் ஒரு சின்ன வீடியோவும் போட்டிருந்தேன். நான் என்ன செய்யணும்?"

பதில்:

தம்பி, முதலில் மச்சான் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் நீங்கள் எழுதியதிலேயே உங்களைக் கம்பி எண்ண வைக்கக்கூடியது அது ஒன்றுதான். மலேசியாவில் வசிக்கும் ஒருவர் தன் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் முதலில் பேட்டன்ட் விண்ணப்பம் போடக் கூடாது. 1983-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 23ஏ பிரிவு அது. இங்கே மை-ஐபிஓவில் (மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம்) விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மீறினால் குற்றம், அபராதமும் உண்டு சிறையும் உண்டு. மச்சான் போட்டால் மச்சான்தானே மாட்டுவார் என்று நினைக்காதீர்கள், "போட வைப்பது" என்பதும் சட்டத்தில் சேர்த்தி. அது போக, மச்சான் கண்டுபிடித்தவர் இல்லை. அவர் பெயரில் போட்டால் அது பொய் விண்ணப்பம். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை, ஆனால் ஜிக்கின் படங்களை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியிருந்தால், அவற்றை அவர் வேறு யாருக்கும் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஜிக் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் செய்தேன், என் பிரின்டர், என் பிளாஸ்டிக், அப்படியானால் என்னுடையதுதானே என்று கேட்கிறீர்கள். பாதி சரி. இந்த விஷயத்தில் நம் சட்டத்தின் 20-ஆவது பிரிவுதான் எல்லாம், அதை நிதானமாகப் படித்தால் தொழிலாளிகளை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கிறது என்பது தெரியும்.

கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் ஒரு ரகம், ஆர் அண்ட் டி எஞ்சினியர் மாதிரி. அவர் வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்ததன் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, முதலாளிக்குப் போகும். ஆனால் அங்கேயும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: ஒப்பந்தம் போடும்போது இரண்டு தரப்பும் நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவை விட ரொம்பப் பெரிய பொருளாதார மதிப்பு அந்தக் கண்டுபிடிப்புக்கு வந்துவிட்டால், அவருக்கு நியாயமான ஊதியம் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு ரகம், கண்டுபிடிப்பது வேலையே இல்லாதவர். அவர் முதலாளியின் தொழில் சார்ந்த துறையில், முதலாளி கொடுத்த தகவலையோ வசதியையோ பயன்படுத்தி ஒன்றைக் கண்டுபிடித்தால், அதுவும் முதலாளிக்குத்தான். ஆனால் இவருக்கு நியாயமான ஊதியம் பெறும் உரிமை நேரடியாகவே உண்டு, எதிர்பாராத பெரிய மதிப்பு வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தொகையில் ஒத்துப்போகவில்லை என்றால் கோர்ட் தீர்மானிக்கும். அவர் வாங்கும் சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, முதலாளிக்குக் கிடைத்த லாபம் இதையெல்லாம் பார்த்து. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம், தன் சொந்த அறிவில், சொந்தப் பொருளில் செய்தவர். அவருடையது அவருக்கே.

நீங்கள் எந்த ரகம்? மெயின்டெனன்ஸ் டெக்னிஷியன், ஆக முதல் ரகம் இல்லை. உங்கள் ஜாப் ஸ்கோப்பில் "புதுமை செய்தல்" என்று எதுவும் இல்லை என்பதை வேலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், சில கம்பெனிகள் "தொடர் மேம்பாட்டில் பங்களித்தல்" என்று ஒரு வரியை நைசாகச் சேர்த்திருப்பார்கள். அப்புறம் கேள்வி இரண்டாவதா மூன்றாவதா என்பதுதான். பிரின்டர் உங்களுடையது, சம்பளமில்லாத நேரம், அதெல்லாம் உங்கள் பக்கம். ஆனால் அந்த ஹெட்டின் அளவு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தேய்ந்த முனைகளை எங்கிருந்து எடுத்து வந்து அளந்தீர்கள், கம்பெனி ஸ்கிராப் டப்பாவிலிருந்துதானே? வீட்டில் பிரின்ட் பண்ணி வந்ததை எந்த மெஷினில் மாட்டிப் பார்த்து, ஸ்பிரிங் பத்தவில்லை என்று கண்டுபிடித்து, மறுபடி மாற்றினீர்கள்? இதெல்லாம் "முதலாளி கொடுத்த தகவல், வசதி" என்று கம்பெனி வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். யோசனை முழுசாக வீட்டிலேயே உருவாகிவிட்டது, தொழிற்சாலையில் நடந்தது வெறும் சோதனை என்று உங்கள் வக்கீல் வாதிடலாம், வாதத்தில் பலம் இல்லாமலும் இல்லை. ஆனால் என் கணிப்பைக் கேட்டால், நீங்கள் இரண்டாவது ரகத்தில்தான் விழுவீர்கள். பேட்டன்ட் கம்பெனிக்கு, காசில் ஒரு பங்கு உங்களுக்கு. மூன்றாவது ரகம் என்று கடைசி வரை சண்டை போடுவதை விட, இரண்டாவது ரகத்தில் உங்களுக்கு வர வேண்டியதை முழுசாக வாங்குவதில் கவனம் வையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

அந்தப் பங்கைத்தான் இந்தப் பேப்பர் குறி வைக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் படித்தேன். இரண்டு வரி கவனிக்க வேண்டியவை.

ஒன்று, இரண்டாம் பக்கத்தில் நடுவில் வருகிறது. சாராம்சம் இதுதான்: ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அங்கீகாரப் பரிசே முழுமையான, இறுதியான பிரதிபலன், இதற்கு மேல் எந்த ஊதியத்தையும் தொழிலாளி கேட்கமாட்டார், சட்டத்தின் கீழ் இருந்தாலும் விட்டுக்கொடுக்கிறார். அதாவது அந்த 300 வெள்ளி வவுச்சர்தான் உங்கள் கண்டுபிடிப்பின் விலை என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்குகிறார்கள். இங்கேதான் 20-ஆவது பிரிவின் கடைசி வரி உங்களுக்குக் கை கொடுக்கிறது: கண்டுபிடித்தவருக்கு இந்தப் பிரிவு கொடுக்கும் உரிமைகளை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது. விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அது சட்டத்தின் முன் நிற்காது என்று நான் தைரியமாக வாதிடுவேன். அப்படியானால் சைன் பண்ணினால்தான் என்ன என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போட்ட பேப்பர் அவர்கள் கையில் இருந்தால், வாதம் பண்ண வேண்டிய பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். "ஊதியத்தைப் பற்றி ஒப்பந்தம் ஆகிவிட்டது, 300 வெள்ளி என்று அவரே ஒத்துக்கொண்டார்" என்பார்கள். குறைப்பது வேறு, தொகையை ஒத்துக்கொள்வது வேறு என்று அந்த இடைவெளியில் புகுந்து விளையாடுவார்கள். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது வரி இன்னும் அகலமானது. வேலை நேரத்திலோ வெளியிலோ, எங்கே எப்படிச் செய்தாலும், கம்பெனி குழுமத்தின் எந்தத் தொழிலோடு சம்பந்தப்பட்டிருந்தாலும், இதுவரை செய்ததும் இனிமேல் செய்வதும் எல்லாம் கம்பெனிக்கே. இந்த மாதிரி வரிகளுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது, எனக்குப் பிடித்தமான வழக்கு. இங்கிலாந்தில் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனியில் ஹட்சன் என்று ஒரு ஸ்டோர்கீப்பர். வீட்டில் உட்கார்ந்து, வாக்யூம் கிளீனரில் தூசிப் பையை மாட்டுவதற்கு ஓர் இணைப்பைக் கண்டுபிடித்தார். அவருடைய வேலை ஒப்பந்தத்திலும் இதே போல வானத்துக்கும் பூமிக்கும் ஒரு வரி இருந்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1977-இல் நீதிபதி, சாமான் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் இவ்வளவு அகலமான வரியில் கையெழுத்து வாங்குவது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை, செல்லாது என்று சொல்லிவிட்டார். அது இங்கிலாந்துத் தீர்ப்பு, நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம், கேட்பார்கள். நம் 1950 ஒப்பந்தச் சட்டத்திலும் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 28-ஆவது பிரிவு இருக்கிறது. உங்கள் பேப்பரில் இந்த வரி இந்த ஒரு ஜிக்கோடு நிற்க வேண்டும். நாளைக்கு நீங்கள் வீட்டில் வேறு ஏதாவது செய்தால் அது வேறு பேச்சு.

காசு எவ்வளவு கேட்கலாம் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும், இல்லையா? இந்த வாதம் உலகம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. ஜப்பானில் நீல நிற எல்.ஈ.டி. விளக்கைச் சாத்தியமாக்கிய ஷூஜி நாகமுராவுக்கு, பிற்பாடு 2014-இல் நோபல் பரிசு வாங்கியவர், அவர் வேலை பார்த்த நிச்சியா கம்பெனி முதலில் கொடுத்தது 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடு என்றது. ஜப்பான் முதலாளிகளுக்குத் தூக்கம் போனது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. அதோடு விடவில்லை, முதலாளிகள் தொடர்ந்து அழுத்தம் கொடுத்து, 2015-இல் சட்டத்தைத் திருத்தி, முன்கூட்டியே விதி வைத்திருந்தால் உரிமை ஆரம்பத்திலிருந்தே கம்பெனிக்குப் போகும்படி வழி செய்துகொண்டார்கள். நியாயமான பலன் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது.

இங்கிலாந்தில் பேராசிரியர் இயன் ஷேங்க்ஸ் கதை உங்களுடையதுக்கு இன்னும் பக்கம். 1982-இல் யூனிலீவரில் வேலை பார்த்தபோது, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியின் முதல் மாதிரியை வீட்டில்தான் செய்தார், மகளின் விளையாட்டு மைக்ராஸ்கோப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடி ஸ்லைடு, புல்டாக் கிளிப், பிளாஸ்டிக் தாள் இதை வைத்து. வீட்டில் செய்தார் என்பதால் பேட்டன்ட் அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த மாதிரி கருவி செய்யத்தான் அவரை வேலைக்கே எடுத்திருந்தார்கள். ஆனால் கம்பெனிக்குக் கிடைத்த லாபத்தில் பங்கு கேட்டு 2006-இல் மனுப் போட்டார். 13 வருஷம் இழுத்தது. கீழே எல்லா இடத்திலும், யூனிலீவர் எவ்வளவு பெரிய கம்பெனி, அதன் வருமானத்துக்கு முன் இதெல்லாம் எம்மாத்திரம் என்று சொல்லித் தோற்கடித்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம், கம்பெனி பெரிசாக இருப்பது தொழிலாளியின் குற்றமா என்ற மாதிரி பார்த்து, 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். ஷேங்க்ஸின் கருவிக்கு மற்றக் கம்பெனிகள் லைசென்ஸ் எடுத்துப் பணம் கொட்டின. உங்கள் ஜிக் ஒரு தொழிற்சாலையில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. மிச்சமான நேரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, லைன் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு நஷ்டம் என்று கம்பெனியிடமே கணக்கு இருக்கும், அந்தக் கணக்குத்தான் உங்கள் பேச்சுவார்த்தையின் அடிப்படை. ஆனால் கார் வாங்கும் கனவு வேண்டாம். நான் கேட்கச் சொல்வது: இப்போது ரொக்கமாக ஒரு தொகை, பேட்டன்ட் கிடைக்கும்போது இன்னொரு தொகை, அப்புறம் முக்கியமாக, வேறு ஊர்த் தொழிற்சாலையில் பயன்படுத்தினாலோ மெஷின் செய்கிற கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்தாலோ அதில் ஒரு சதவீதம். கடைசியைத்தான் அவர்கள் மறுப்பார்கள், கடைசியில்தான் காசு இருக்கிறது.

ஒரு சின்ன ஆதங்கம் சொல்லிக்கொள்கிறேன். 2025 மார்ச்சில் நம் அரசாங்கம் பிரிட்டனின் ஆர்ம் கம்பெனியோடு, சிப் வடிவமைப்புத் தொழில்நுட்பத்துக்காக 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. இங்கே தயாரித்தது என்ற நிலையிலிருந்து மலேசியர் உருவாக்கியது என்ற நிலைக்குப் போக வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள், நல்லதுதான். ஆனால் 1970-களிலிருந்து பாயான் லெப்பாஸில் ஷிஃப்டு போட்டு மெஷினோடு மல்லுக்கட்டிய நம் ஆட்கள் எத்தனை பேர் இந்த மாதிரி ஜிக்குகளைச் செய்து கொடுத்துவிட்டு, ஒரு சான்றிதழோடு ஒரு வவுச்சரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? 20-ஆவது பிரிவு இத்தனை வருஷமாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எச்.ஆர். கொடுக்கும் பேப்பரில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சூப்பர்வைசர் பெயர். இது உங்களுக்கு உறுத்துகிறது என்பது கடிதத்தில் தெரிகிறது, உறுத்த வேண்டியதுதான். கைசன் போர்டில் யார் பெயர் முதலில் என்பது கம்பெனி விஷயம், அதை விட்டுவிடுங்கள். பேட்டன்ட் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் யார் என்பது சட்ட விஷயம். விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடித்தவர் வேறு. கம்பெனி விண்ணப்பதாரராக இருக்கலாம், அப்போது கண்டுபிடித்தவரிடமிருந்து உரிமை எப்படி வந்தது என்று மை-ஐபிஓவுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். கண்டுபிடித்தவர் என்று பெயர் போட, யோசனையில் பங்கு இருக்க வேண்டும். "சரி, செய்து பார்" என்று அனுமதி கொடுத்ததோ, பவர்பாயின்ட் போட்டுக் காட்டியதோ, லீவு கொடுத்ததோ பங்கு ஆகாது. ஸ்பிரிங்கை எங்கே வைப்பது என்று அவர்தான் சொன்னார் என்றால் கதை வேறு, அதை நேர்மையாக யோசித்துப் பாருங்கள். பெயர் தப்பாகப் போனால் பிற்காலத்தில் கம்பெனிக்கே ஆபத்து, அமெரிக்காவில் இதை வைத்தே பேட்டன்ட்டை உடைக்கப் பார்ப்பார்கள். இப்படி எச்.ஆரிடம் சொன்னால் குறை சொல்கிற மாதிரி இருக்காது, கம்பெனி மேல் அக்கறையாகச் சொல்கிற மாதிரி இருக்கும்.

சாட்ஜிபிடி விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஸ்டீபன் தேலர் என்பவர் டாபஸ் என்ற தன் ஏ.ஐ.யையே கண்டுபிடித்தவராகப் போட்டு நாடு நாடாக விண்ணப்பம் போட்டார். 2021-இல் தென்னாப்பிரிக்கா கொடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஒரு நீதிபதி சரி என்றார், 2022-இல் மேல் அமர்வு மாற்றிவிட்டது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில், கண்டுபிடித்தவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று முடித்தன. மனிதர் ஏ.ஐ.யைக் கருவியாகப் பயன்படுத்தினால் எந்த அளவுக்கு மனிதர் பங்கு வேண்டும் என்பதில்தான் இப்போது சண்டை. உங்கள் விஷயத்தில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. யோசனை உங்களுடையது, அதனிடம் கேட்டது ஸ்பிரிங் எந்தத் தடிமனில் வாங்குவது என்று. அந்தச் சாட்டை அழிக்காதீர்கள். தேதி போட்டு, நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள், அது என்ன பதில் சொன்னது என்று வரிசையாக இருக்கிறது, யோசனை உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றுதான் கவலை: கம்பெனி டிராயிங் எதையாவது அதில் ஏற்றினீர்களா? ஏற்றியிருந்தால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தப் பிரச்சினை அது.

வீடியோவில் எனக்கு இரண்டு கவலை உண்டு. பேட்டன்ட் என்றால் விண்ணப்பம் போடும்போது உலகத்துக்குப் புதுசாக இருக்க வேண்டும், நீங்களே போட்ட வீடியோ அதைக் கெடுத்துவிடும். நல்ல வேளையாக மலேசியச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு ஓராண்டு சலுகை கொடுக்கிறது, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரோ அவருக்கு முன் உரிமை வைத்திருந்தவரோ வெளியிட்டதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். விண்ணப்பதாரர் கம்பெனி, வெளியிட்டவர் நீங்கள். உரிமை உங்களிடமிருந்து கம்பெனிக்குப் போனது என்று காட்டினால் சலுகை கிடைப்பது சுலபம், ஆரம்பத்திலிருந்தே கம்பெனியுடையது என்று வாதிட்டால் இதிலேயே சிக்கல் வரலாம். பார்த்தீர்களா, உங்கள் கையெழுத்து அவர்களுக்கு எவ்வளவு தேவை என்று! உங்களிடம் இருக்கும் துருப்புச் சீட்டு இதுதான், ஆனால் மிரட்டலாகப் பேசாதீர்கள். தீபாவளியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், தீபாவளி வருஷா வருஷம் தேதி மாறும். வீடியோ ஏறிய தேதியை டிக்டாக்கில் பார்த்து எழுதி வையுங்கள். ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடையாது, இந்தியாவிலும் அரசு அறிவித்த கண்காட்சி மாதிரி சில விலக்குகள் தவிர கிடையாது, ஆக மச்சான் போட்டிருந்தாலும் வீண். இப்போது வீடியோவை யாருக்கும் தெரியாதபடி பிரைவேட்டில் வையுங்கள், ஆனால் அழிக்க வேண்டாம். பின்னணியில் கஸ்டமர் பெயர், மெஷின் ஸ்கிரீன் ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு அதையே காரணமாக்குவார்கள்.

அந்தப் பயமும் உங்களுக்கு இருக்கும், சைன் பண்ணாவிட்டால் வேலை போய்விடுமோ என்று. பேப்பரைப் படிக்க நேரம் கேட்டதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. அப்படியே நியாயமில்லாமல் நீக்கினால் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் இலாகாவில் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் போச்சு. அங்கே யூனியன் இருந்தால் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நீங்களே மை-ஐபிஓவில் யூடிலிட்டி இன்னொவேஷன் (சின்னக் கண்டுபிடிப்புகளுக்கான எளிய பேட்டன்ட் மாதிரி) போட்டால் என்ன என்று சிலர் சொல்வார்கள். புதுசாக இருந்தால் போதும், பெரிய கண்டுபிடிப்புத் திறன் காட்டத் தேவையில்லை, 10 ஆண்டு பாதுகாப்பு, இங்கே பயன்பாட்டில் இருந்தால் ஐந்து ஐந்தாக மேலும் 10 ஆண்டு. உங்கள் ஜிக்குக்கு அது பொருத்தமான வழிதான். ஆனால் கம்பெனிக்குத் தெரியாமல் போட்டால், உரிமை எங்களுடையது, மாற்றிக் கொடு என்று கோர்ட்டுக்குப் போக அவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, உங்களுக்குச் செலவு, வேலையிலும் முகம் பார்க்க முடியாது. பேச்சுவார்த்தை உடைந்து, ஓராண்டுக் கெடுவும் நெருங்கினால் அப்போது யோசிக்கலாம்.

ஆக இந்த வாரம் செய்ய வேண்டியது: ஸ்பிரிங், பிளாஸ்டிக் சுருள் வாங்கிய ஷோப்பி ரசீது, ஹார்ட்வேர் கடை பில், ஃபோனில் எடுத்த முதல் மாதிரியின் படம், நோட்டில் போட்ட படம், எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேருங்கள். கம்பெனிக் கம்ப்யூட்டரிலிருந்து எதையும் பென்டிரைவில் எடுக்காதீர்கள், எவ்வளவு தேவையாகத் தோன்றினாலும். அப்புறம் எச்.ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில். பேட்டன்ட் போடுவதில் முழு ஒத்துழைப்புத் தருகிறேன், ஆவணத்தைப் படித்து ஆலோசனை பெற இரண்டு வாரம் வேண்டும், கண்டுபிடித்தவர் பட்டியலில் யார் யார் பெயர் வருகிறது என்று தெரிவிக்கவும், 20-ஆவது பிரிவின் கீழ் ஊதியம் பற்றிப் பேச ஒரு நேரம் ஒதுக்கவும். இவ்வளவுதான், ஒரு வரி கூட அதிகம் வேண்டாம். வாயால் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பும் வேண்டாம், மெயில். நகலை உங்கள் சொந்த மெயிலுக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பேப்பர் ஐந்து பக்கம், நீங்கள் அனுப்பியது நான்கு படம். நான்காம் பக்கம் இல்லை. ஜிக்கின் விவரமும் கண்டுபிடித்தவர்கள் பெயரும் இருக்கும் இணைப்பு அங்கேதான் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால், பிற்பாடு நிரப்பிக்கொள்கிறோம் என்று சொன்னாலும் சரி, அந்த நிலையில் எங்கேயும் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போடாதீர்கள்.